வரலாற்றை அணைத்த தலைவர்

உலகில் தீயை அணைத்தவர்கள் பலர். வரலாற்றையே அணைத்துக்கொண்டவர் எங்கள் தீயணைப்பு நிலையத் தலைவர் ஒருவர்தான். அவருடைய பெட்டியைச் சுமந்த துணை அதிகாரி என்ற முறையில் இதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உயரமான கட்டடங்களுக்கென்று புதிதாக ஏணி வண்டி வாங்கியிருந்தார்கள். அதை இயக்கக் கற்றுவர எங்கள் இருவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பயிற்சி நடக்கும் நகரத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் ஒரு சின்ன ஊரில் வண்டி நின்றது. நடைமேடை முழுக்கப் பழங்காலத்து அங்கிகளும் தொப்பிகளும். பல தலைமுறைகளுக்கு முன் அந்த ஊர் எரிந்து சாம்பலானதாம். அதை வருடாவருடம் நடித்துக் கொண்டாடுகிறார்களாம்.

தலைவர் எழுந்து நின்றார்.

“இறங்குய்யா.”

“சார், நாம இறங்க வேண்டிய ஊர் இன்னும் வரலையே. காலைல பயிற்சி.”

“ஏணி எங்க ஓடிப்போயிடப் போவுது? வரலாறு இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்.”

இவ்வாறாக எங்கள் துறையின் ‘தொலைநோக்கு’ ரயிலைவிட்டு இறங்கியது.

தலைவரின் தொந்தியைக் கண்டதுமே விழாக் குழுவினர் அவருக்கு மேயர் வேடம் கொடுத்துவிட்டார்கள். வெல்வெட் அங்கி, இறகு வைத்த தொப்பி. மேல்மாடத்தில் நின்று, எரியும் ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வேலை கிடையாது. எனக்கு ஒரு தோல் வாளி. அட்டை வீடுகள் எரிந்தன. ஜனங்கள் அலறினார்கள். தலைவர் அசையவில்லை. இவ்வளவு இயல்பாக யாரும் சும்மா நின்றதில்லை என்று விழாக் குழுத் தலைவி கண்கலங்கி, மறுநாளும் இருக்கச் சொன்னார். இருந்தோம். விழா முடிந்தபோது பயிற்சியும் முடிந்திருந்தது.

தலைவரின் மனைவி தொலைபேசியில் கேட்டார்: “ஏங்க, ஏணியில ஏறினீங்களா?”

“மேலதான் நிக்கிறேன்” என்றார் மாடத்திலிருந்து. அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

ஊர் திரும்பியதும் ‘பன்னாட்டு அனுபவ’த்துக்காகப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. ஏணி வண்டியும் வந்து சேர்ந்தது. ரிப்பன் வெட்டிக் கொட்டகையில் நிறுத்தினோம்.

பிறகு ஒரு மத்தியானம் கடைத்தெருவில் தையல் கூடம் தீப்பிடித்தது. மூன்றாவது மாடி ஜன்னலில் பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏணி வண்டியை உரிய மரியாதையுடன் கொண்டுபோய் நிறுத்தினோம். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி துடைப்பான் ஆடியது. தலைவர் இன்னொன்றை அழுத்தினார், விளக்கு எரிந்தது. ஏணி மட்டும் எழும்பவில்லை. எதிர்ப்பக்க மெத்தைக் கடைக்காரர்கள் மெத்தைகளை இழுத்துவந்து தெருவில் அடுக்கினார்கள். மேலிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கடைசியாகக் குதித்த தையற்காரிக்கு இரண்டு காலும் முறிந்தது.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு நேரில் சென்று நலம் விசாரித்தார்.

“அவ்வளவு தூரம் போய் என்னதான் சார் கத்துக்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டாள் அவள்.

தலைவர் யோசித்தார். “பொறுமைம்மா.”

“அது எங்ககிட்டயே நெறைய இருக்கே சார். இல்லன்னா நீங்க இன்னும் இந்த வேலையில இருப்பீங்களா?”

தலைவர் சட்டென்று எழுந்து வெளியே நடந்தார். நெருப்பை நோக்கிக்கூட அவர் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.