ஜீவராணிக்கு அடித்த சாவுத் தப்பு

அன்புள்ள மச்சான் தயாபரனுக்கு,

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்திலிருந்து வீரய்யா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் தங்கச்சி ஜீவராணி சுகம், பதுளைக் குளிரும் நல்ல சுகம். அங்கே நீயும் வீட்டாரும் கொழும்பு வெயிலோடு நலமாயிருக்க நம்ம மாரியம்மா துணை. போனில் சொன்னால் "மீட்டிங்கில இருக்கேன்"னு வைத்துவிடுவாய். கடிதத்திடம் அந்தக் கதை செல்லாது.

தங்கச்சி போய்விட்டாள் என்று கேட்டுக் கோடிச் சேலையோடு பஸ் ஏறினாயாம். வழியில் ஹல்துமுல்லைக்கு வந்தபோது அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரிந்ததும் இறங்கித் திரும்பிவிட்டாயாம். நடந்தது இதுதான், கேள். அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். வயரைச் சுற்றின ரப்பர் தேய்ந்தால் பல்ப் மினுக்கி மினுக்கி எரியுமே, அவள் நரம்பும் அப்படித்தானாம். ஒருநாள் நடப்பாள், மறுநாள் கால் சொன்னபடி கேட்காது. இது லயத்தில் யாருக்கு விளங்கும்? எங்கள் சுவரை ஒட்டின பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமி அக்கா "நேத்து நடந்தா, இன்னைக்கு நடிக்கிறா" என்று சொன்னது உன் தங்கச்சி காதில் விழுந்தது. அன்றைக்குச் சாத்தின கதவுதான். பதுளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானா கொடுத்த சக்கர நாற்காலியும் மூலையில் கிடந்தது. அது இறங்க வழியேது? கிளினிக்குக்குப் போக ரோட்டுக்கு இறங்குவது அந்தப் பழைய படிதான். கொழுந்துச் சாக்கைப் போட்டு நாம் சறுக்கி, உன் காற்சட்டை கிழிந்து, பின்பக்கத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாயே, அதே படி. நாம் சறுக்கி முடிப்பதற்குள் அவள் அம்மாவின் கூடையோடு ஓடிப்போய்க் கீழே நின்று சிரிப்பாள். ஒருநாளாவது அவளைப் பிடித்தோமா? இப்போது நான் முதுகில் சுமந்து இறங்குகிறேன். "பாத்துப் போங்க, நான் ஓடின படி"ன்னு காதுக்குள்ளே சொல்லுவாள்.

படியை இடித்துச் சிமெந்துப் பாதை போட உதவி கேட்டுக் கூட்டம் வைத்தேன். நோட்டீஸ் ஒட்டினேன், கோயில் ஸ்பீக்கரில் கத்தினேன். வந்தது நானும் ரெண்டு நாயும். அதனால் தப்பு மேளம் அடிக்கிற ரமேசைப் பிடித்து, அந்தக் காலத்தில் விடியக்காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிப்பார்களே, அப்படி அடி என்றேன். பெரட்டுத் தப்பு நின்று எவ்வளவு காலம்! அவன் கைக்குப் பழகினது சாவு அடிதான், அதையே அடித்துவிட்டான். சாவு அடிக்கு நம்ம ஆட்கள் நோட்டீஸ் கேட்பதில்லையே. மரண உதவிச் சங்கம் தேயிலை, சீனி, நாற்காலியோடு வந்தது. குழி வெட்ட ஆண்கள் மண்வெட்டி, அலவாங்கோடு வந்தார்கள். சேதி கேட்டு நானா கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். யார் செத்தது என்று கேட்காமலே விஜயலெட்சுமி அக்கா எங்கள் வாசலில் விழுந்து, "ஓடின காலு ஓஞ்சிருச்சே" என்று ஒப்பாரியை எடுத்துவிட்டார்.

கதவு திறந்தது. உன் தங்கச்சி தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள்.

"நீ சாகலியாடி?" என்றார் அக்கா.

"செத்த மாதிரி நடிக்க எனக்கு வரலக்கா. பாட்டை நிறுத்தாதீங்க, நல்லாத்தான் இருக்கு."

அக்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பிறகு அழுதது பாட்டு இல்லை மச்சான். குழி வெட்ட வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நானாதான் சொன்னார்: "வந்த கையோட வெட்டுங்க. நீட்டமா வெட்டினா பாதைதானே? சிமெந்து நான் அனுப்புறன்."

பாதை காய்ந்ததும் அவளை நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினேன். பாதி வழியில் "விடுங்க"ன்னு என் கையைத் தட்டிவிட்டாள். இந்த முறையும் என்னால் பிடிக்க முடியவில்லை. கீழே தேயிலைச் செடியில் முட்டி நின்றுகொண்டு அதே சிரிப்பு.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு ஒரு கொழுந்துச் சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான் வீரய்யா

பி.கு.: ரமேஸ் பிழையாக அடித்தான் என்று மேலே எழுதியதை நம்பாதே. இதை வாசித்துக் காட்டினால் உன் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சாவு அடியை அடிக்கச் சொன்னதே அவள்தானாம். "தோட்டத்துக்காக இல்ல, கொழும்புல இருக்கிற அண்ணனுக்குக் கேக்கட்டும்னுதான்" என்கிறாள். கோடிச் சேலை என்ன கலர் என்றும் கேட்கிறாள். எடுத்துக்கொண்டு வா. உயிரோடு இருக்கும்போதே கட்டிப் பார்க்கணுமாம்.