ஃபோகஸை மீட்ட தாய்மாமன்

மனித குலம் விடுதலை பெற்ற நாட்கள் பல. அவற்றுள் வரலாற்றாசிரியர்கள் அலட்சியமாக விட்டுவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர் பொன்னுராஜ் தம்முடைய பழைய சின்னக் கேமராவின் ஃபோகஸைக் கம்பெனிக்காரன் பிடியிலிருந்து மீட்டெடுத்த செவ்வாய்க்கிழமையைத்தான்.

எதைத் தெளிவாகக் காட்டுவது என்பதை அதுவரை அந்தக் கேமரா தானே முடிவு செய்து வந்தது. பொன்னுராஜோ அலுமினிய ஜன்னல் மாட்டுகிறவர். மில்லிமீட்டரில் மூச்சு விடுகிறவர். இந்தச் சர்வாதிகாரத்தை எப்படிச் சகிப்பார்? முகம் தெரியாத புண்ணியவான்கள் எழுதி இணையத்தில் போட்டிருந்த ‘அங்கீகாரமற்ற’ மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றினார். திரையில் புது மெனு முளைத்தது. இனி தூரத்தை எண்ணாகவே கொடுக்கலாம்! அன்று முதல் அவர் வீட்டில் டேப் பிடிக்காமல் எதுவும் படமாக்கப்படவில்லை. இட்லி 310 மி.மீ.; சட்னி 345.

இந்த மாமனிதருக்கு இன்னொரு பதவியும் இருந்தது. ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை பாண்டீஸ்வரியின் மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைக்கும் உரிமை தாய்மாமனுக்கு, தாய்மாமன்களோ இருவர். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த தம்பி வேல்பாண்டி, “நான் வச்சுக்கிடட்டா?” என்று கேட்ட குற்றத்துக்காக, அண்ணன் அவனோடு இரண்டு வாரம் பேசவில்லை.

“மூத்தவன் நான் உசுரோட இருக்கையில, எவம்லே என் இடத்துல உக்காருவான்?”

இந்த ‘அரசாணை’க்குப் பின் மடி விவகாரம் முடித்துவைக்கப்பட்டது.

காதுகுத்து அன்று சேத்தூர்ப் பக்கம் குலசாமி கோயிலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பிள்ளையின் மொட்டையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது.

“வந்து உக்காருண்ணே,” என்றாள் பாண்டீஸ்வரி.

“செத்த இரு. ஃபோகஸ வச்சுட்டு வாரேன்.”

“போன்ல எடுத்துக்கிடலாம்ணே.”

“ஏட்டி, போனு அது இஷ்டத்துக்கு ஃபோகஸ் பண்ணும். நாம என்ன அடிமையா?”

திட்டம் எளிமையானது. கேமரா ஸ்டாண்டில் நிற்கும். தூரத்தை அளந்து ஏற்றிவிட்டு, டைமரைத் தட்டி, ஓடிப்போய் உட்கார வேண்டியது. ஆனால் அளப்பதற்கு மடியும் பிள்ளையும் இடத்தில் இருக்க வேண்டுமே! அசையாமல் உட்கார அரசாங்கச் செலவில் பயிற்சி பெற்றவன் அங்கே ஒருவன்தான்.

“ஏலே வேலு, பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காரு. அளவுக்கு மட்டுந்தான், பாத்துக்கோ.”

“சரிண்ணே,” என்று வேல்பாண்டி சிலையானான்.

டேப் நீண்டது. இடது காது 1,430. எண்ணை ஏற்றுவதற்குள் பிள்ளை டேப்பைக் கடித்தது, 1,395. மறுபடி அளந்தார். வலது காது 1,510!

“ரெண்டு காதும் ஒரே தூரத்துல வரணும். பிள்ளைய லேசாத் திருப்புலே. அம்புட்டு இல்ல!”

“மணி பத்து இருபத்தெட்டு,” என்றார் ஆசாரி.

“ஒருத்தரும் அசையக் கூடாது! மூச்சு விடாதீங்க!”

கோயிலே உறைந்தது. பிள்ளையும் வாயைப் பிளந்து மாமனையே பார்த்தது. இப்படி அசையாத பிள்ளையை ஆசாரி தம் தொழிலில் கண்டதில்லை. இடது காதில் குத்தினார். திரையிலிருந்து கண்ணெடுக்காத பொன்னுராஜின் விரல், தானாகவே பொத்தானை அழுத்தியது.

“ஐயையோ, நில்லுங்க! இந்தா வந்துட்டேன்! அடுத்த காதுக்கு நான் உக்காருதேன்!”

“நடுவுல மடி மாத்தக் கூடாதுய்யா,” என்ற ஆசாரி, சொல்லி முடிக்குமுன் வலது காதையும் முடித்துவிட்டார்.

படம் அற்புதம். ஊசி முனை, திரண்டு நிற்கும் கண்ணீர், சந்தனத்தில் ஒட்டிய ஒற்றை முடி, வேல்பாண்டியின் முறுக்கிய மீசை: ஒவ்வொன்றும் துல்லியம். பாண்டீஸ்வரி அதைப் பெரிதாகப் பிரிண்டு போட்டு வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறாள்.

“மூத்த அண்ணன் வரலையாக்கும்?” என்று கேட்காத விருந்தாளி கிடையாது.

“வராம என்ன?” என்பாள். “சின்ன அண்ணன்தான் தாய்மாமன்னு இம்புட்டுத் தெளிவா சாட்சி எடுத்துக் குடுத்ததே அவியதான!”