அத்தான் மூச்சு விடுகிறார்

ஜெபிக்கிறவர்களில் பல வகை உண்டு. முழங்காலில் நிற்பவர்கள் உண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே ஜெபிப்பவர்கள் உண்டு, பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் கடவுளைத் தேடுகிறவர்களும் உண்டு. இவர்களால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கிடையாது. நான் சொல்லவந்தது வேறோர் இனம். மூச்சு ஜெபக்காரர். பார்க்க நம்மைப் போலத்தான் இருப்பார். ஆனால் அவரிடம் ஏதாவது கேட்டுப் பாருங்கள். பதில் வராது, காற்றுதான் வரும்.

மூச்சு ஜெபத்தோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை, ஐயா. அருமையான பழக்கம் அது. மூச்சை இழுக்கும்போது மனசுக்குள் 'இயேசுவே', விடும்போது 'என்மேல் இரங்கும்'. அவ்வளவுதான். பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் செய்யலாம், பல்வலியோடு படுத்திருக்கையில் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இந்த இனத்தாருக்கு அங்கேதான் இடிக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஜெபிப்பதற்கா லீவு போட்டுவிட்டு, சபை நடத்திய தியான முகாமில் போய்க் கட்டாந்தரையில் படுத்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள்?

என் அக்காவின் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவின் தலைவர். அலுவலகத்தில் அவருக்குத் 'துருத்தி' என்று பெயர். கொல்லன் பட்டறையில் நெருப்புக்குக் காற்று ஊதுமே, அதே துருத்திதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி முழங்கால்வரை நனைந்து வந்து, "சார், மெயின் பைப் வெடிச்சிருச்சு, சமையல்கட்டுல செருப்பு மிதக்குது!" என்று பதறினால், அத்தான் முதலில் ஆள்காட்டி விரலை உயர்த்துவார், பிறகு கண்ணை மூடுவார், மூக்குத் துவாரங்கள் விரியும், தோள் இரண்டும் காதைத் தொடப் போகும், சட்டைப் பொத்தான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும், உள்ளே போனதெல்லாம் பெரிய சத்தத்தோடு திரும்பி வரும்போது மேசையிலிருக்கும் காகிதங்கள் பறந்து பக்கத்து மேசைக்குப் போய்ச்சேரும்.

அந்தப் பெண்மணி மிரண்டுபோய், "சாருக்கு நெஞ்சு வலியா?" என்று கேட்பார்.

"இல்லம்மா, சார் ஜெபத்துல இருக்கார். நீங்க இந்தக் கவுன்ட்டருக்கு வாங்க" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

பைப்பை அடைக்க ஆள் அனுப்புவது அந்தக் கவுன்ட்டர். மனஅமைதி அத்தானுக்கு.

வீட்டில் இன்னும் விசேஷம். ஜெபத்தின் முதல் பாதி எப்போதும் ஒன்றுதான், 'ஆண்டவரே'. இரண்டாம் பாதியை மட்டும் எதிரில் நிற்பவருக்கு அளவெடுத்துத் தைப்பார். மனசுக்குள்ளே சொல்லவேண்டியதுதான். ஆனால் அத்தானுடைய மனசு தெருக்கதவுவரை கேட்கும்.

"ஏங்க, சிலிண்டர் தீரப்போகுதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பாள் அக்கா.

"ஆண்டவரே..." தோள் ஏறும். "இவளுக்குப் பொறுமையைத் தாரும்." தோள் இறங்கும்.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் சும்மா இருப்பாளா? கையில் கரண்டியோடு கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, பொறுமையோட ஒரு சிலிண்டரையும் தாரும்" என்பாள். சிலிண்டரை நான்தான் போய் வாங்கி வருவேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது ஒன்று வந்தது. அவர்களுடைய ஒரே மகளுக்குப் பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை, ஆசைப்பட்ட வேலை. ஆனால் கடல் தாண்டிப் போகவேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவள் கேட்டதெல்லாம் அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தை. திங்கட்கிழமை கேட்டாள், விரல் உயர்ந்தது. புதன்கிழமை கேட்டாள், தோள் உயர்ந்தது. வெள்ளிக்கிழமை, "ஜெபத்துல வச்சிருக்கேம்மா" என்று ஒரு வாக்கியம் கிடைத்தது.

எவ்வளவு வசதி, பாருங்கள்! வேண்டாம் என்றால் சண்டை, சரி என்றால் பிரிவு, மூச்சு விட்டால் இரண்டுமே இல்லை. அந்தப் பெண்தான் தவித்தாள். "போகாதேன்னாக்கூட எதுத்துக்கிட்டுப் போயிருவேன் மாமா. ஒண்ணுமே சொல்லாதவரை எப்படி எதுக்குறது?" என்று என்னிடம் அழுதாள். எனக்கு அத்தான்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தது. அவள் ஒரு முக்காலியை இழுத்து, அத்தானுக்கு நேரெதிரே முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தாள். அவர் விரல் உயர்வதற்கு முன்னால் அவள் விரல் உயர்ந்தது. கண்ணை மூடினாள். மூக்கு விரிந்தது. தோள் ஏறியது. அப்பனை உரித்துவைத்த மாதிரி இருந்தது.

"ஆண்டவரே..."

வாசற்படியில் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"...எங்கப்பா வாயைத் திறக்கப் பண்ணும்."

அத்தான் பழக்கதோஷத்தில் விரலை உயர்த்தி மூச்சை இழுத்தார். இழுத்தது உள்ளே போய் நின்றுவிட்டது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எழும்பிய விரல் மெதுவாக மடியில் விழுந்தது.

"போகாதேன்னு சொல்ல எனக்கு நியாயம் இல்ல" என்றார். "போன்னு சொல்ல வாய் வரல."

"அதுக்காக ஒரு வாரமா ஊதிக்கிட்டிருந்தீங்களா?" என்றாள் அக்கா. திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"இதைச் சொல்லியிருந்தா போதுமேப்பா" என்றாள் மகள்.

"போம்மா. நல்லபடியா போயிட்டு வா." அவ்வளவுதான் சொன்னார். அவள் அவர் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, பதில் எழுத எழுந்து போனாள்.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். விரல் இல்லை, சத்தம் இல்லை, பொத்தான்களுக்கு ஆபத்தில்லை. மார்பு மட்டும் லேசாக ஏறி இறங்கியது. அவர் ஜெபிக்கிறார் என்பதே எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டாம் பாதியில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

திருந்திவிட்டார் என்று அவசரப்படாதீர்கள். திங்கட்கிழமை தண்ணீர் வாரியத்தில் காகிதங்கள் மறுபடியும் பறந்தனவாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சபைப் பக்கமே போகாதவர், ஜெபமாவது மூச்சாவது என்கிறவர், இந்த இனத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? சரிதான். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்தபோது வீட்டுக்குள்ளேயிருந்து ஒருவர் வந்து உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் தலையைத் தூக்காமல் "ம்ம்..." என்று நீளமாக ஒரு காற்றை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனீர்கள்.

திரும்பிப் பாருங்கள். அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.