மாவு நாய்க்குட்டியும் மச்சானுக்கு ஒரு மறுப்பும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும் வாண்டும் சுகம். வீட்டில் இன்னும் உடையாமல் மீதமிருக்கும் சாமான்களும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், பெற்றெடுத்த களைப்பில் இருக்கும் தாய் நாயும், அதன் நான்கு குட்டிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததுமே "அட, விடுங்க மாப்பிள்ளை, பார்த்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் தாங்கள் குறுக்கே பேச முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

விஷயம் தாங்கள் அறிந்ததே. நான்கு குட்டிகளில் கடைசியாகப் பிறந்த, வளர்ந்தாலும் பூனையைவிடப் பெரிதாகாது என்று தாங்கள் சொன்ன அந்தக் குட்டியை வாண்டுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவருவதாகவும், அதற்குள் வேண்டும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லும்படியும் கேட்டிருந்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். குட்டியின் படத்தை வேறு அனுப்பி, "மருமகளுக்குக் காட்டுங்க" என்றீர்கள். காட்டினோம். அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது. வாண்டுக்கு நான்கு வயது நெருங்குகிறது. அவள் கெட்ட பிள்ளை என்று பெற்ற தகப்பன் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்கு ஒன்றின் மேல் பாசம் வந்துவிட்டால் அந்தப் பொருள் தப்பிப்பது கஷ்டம். கட்டிப்பிடித்தே உடைப்பாள். என் கைக்கடிகாரத்தின் மேல் பாசம் வைத்தாள், அதைக் குளிப்பாட்டினாள். பால்கனி ரோஜாச் செடியின் மேல் பாசம் வைத்தாள், இப்போது தொட்டி மட்டும் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் மேல் பாசம் வந்தபோது அந்த வீட்டுக்காரர்கள் கதவுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட கையில் ஒரு பிடி எலும்பும் ரோமமுமாக இருக்கிற உயிரைக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. நாய் பிள்ளையைக் கடித்துவிடுமோ என்று உங்கள் தங்கைக்குப் பயம். பிள்ளை நாயை என்ன செய்வாளோ என்று எனக்குப் பயம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது லிஃப்ட்டில் முதலில் மனிதர்களை ஏற்றமாட்டோம், இரும்பு எடைகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்போம். அறுந்து விழுந்தாலும் இரும்புதானே விழும். அதே முறையில் இந்த வீட்டையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தங்களிடம் குட்டியின் எடையைப் போனில் கேட்டேனே, அது இதற்குத்தான். அந்த எடைக்கு மாவை ஒரு பையில் கொட்டிக் கட்டி, வாண்டுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டரின் கையை வெட்டி அதற்குள் திணித்தேன். இதுதான் நாய்க்குட்டி, ஒரு வாரம் இதை உயிருள்ளது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பாடு, வெளியே கூட்டிப்போவது எல்லாம் உண்டு, வார முடிவில் இது முழுசாக இருந்தால் மாமாவிடம் சரி என்று சொல்வோம் என்று அறிவித்தேன். உங்கள் தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏற்கெனவே ரெண்டு பேரை வளர்த்துக்கிட்டிருக்கேன், இப்ப மூணாவதா மாவு மூட்டையா" என்றாள். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே உட்கார்ந்து அந்த மூட்டைக்கு இரண்டு காதும், கறுப்புப் பொத்தானில் இரண்டு கண்ணும் தைத்துவிட்டாள். அங்கேதான் சோதனை கெட்டது. எந்தக் கம்பெனியிலும் இரும்பு எடைக்குக் கண் வைப்பதில்லை. கண் வைத்த பிறகு அதைத் தலைகீழாகப் போட எனக்கே மனசு வரவில்லை.

முதல் நாளிலிருந்தே பிரச்சினைதான். குட்டி நாயை அடிக்கடி வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று தாங்களே சொன்னீர்கள். நாங்கள் இருப்பது நான்காம் மாடி. எங்கள் கட்டடத்து லிஃப்ட் வேலை செய்யவில்லை, வேறு கம்பெனி லிஃப்ட் என்பதால் நான் அதில் கைவைக்கக் கூடாது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவன் தன் வீட்டில் மாவு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் ஏறி இறங்கினேன். வாண்டு கூட வருவாள், முதல் மாடியிலேயே "கால் வலிக்குது, என்னையும் தூக்கு" என்பாள், ஒரு கையில் அவள், ஒரு கையில் அது. ஒருநாள் மழை. மாவு நனைந்தால் கெட்டுப்போகுமே என்று குடை பிடித்தேன். அதைக் கீழ்வீட்டு டைப்பிங் டீச்சரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் தங்கையிடம் "வீட்டுக்காரருக்கு வேலை ஜாஸ்தியாம்மா?" என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார்.

இதற்கு நடுவில் வாண்டு அந்த நாய்க்குக் குரல் கொடுக்கத் தொடங்கினாள். காலையில் எழுந்ததும் ஒரு குரைப்பு, சாப்பிடும்போது ஒரு குரைப்பு, குளிக்கமாட்டேன் என்பதற்கு நீளமாக ஒரு குரைப்பு. நன்றாகவே குரைக்கிறாள், அதை மறுக்க முடியாது. விளைவு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலில் வந்து நின்றார். அனுமதி வாங்காமல் நாய் வளர்க்கிறீர்கள், புகார் வந்திருக்கிறது என்றார். நாய் இல்லை சார், மாவு என்றேன். "பேரு எதுவா இருந்தா என்ன சார், சங்கத்துல சொன்னீங்களா?" என்றார். காட்டிவிட்டால் சந்தேகம் தீரும் என்று நான் உள்ளே போய் அதை எடுத்துவந்தேன். அந்த மனுஷருக்கு நாய் என்றால் ஆகாது போலிருக்கிறது. இரண்டு காதைக் கண்டதும் கடகடவென்று படியிறங்கி, கீழ்த் திருப்பத்தில் நின்றுகொண்டு, "முதல்ல அதைக் கட்டிப்போடுங்க, அப்புறம் பேசுவோம்" என்று சத்தம் போட்டார். உங்கள் தங்கை, அண்ணனைப் போலவே சமயம் தெரியாமல் சிரிக்கிறவள், கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கூடவே வாண்டு குரைத்தாள். செயலாளர் இன்றுவரை எங்கள் மாடிக்கு வரவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம் மச்சான். போன வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். நான் சமையலறையில் குழாய் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் தொப்பென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், சத்தத்தைவிட அதற்குப் பிறகு வருகிற அமைதிதான் ஆளை ஓடவைக்கும். ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினேன். வாண்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சோபாவிலிருந்து குதித்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தையல் விட்டு, தரையெல்லாம் மாவு, அவள் மூஞ்சியெல்லாம் மாவு. அவள் அழவில்லை. இரண்டு கையாலும் மாவை அள்ளி அள்ளி அந்தக் கிழிசலுக்குள் போட்டுக்கொண்டே, "வலிக்குதாப்பா அதுக்கு? வலிக்குதா?" என்று என்னைக் கேட்டாள். நானும் கீழே உட்கார்ந்து அவளோடு சேர்ந்து மாவை அள்ளினேன். அது மாவு என்று எனக்குத் தெரியும், கட்டினவனே நான்தான், இருந்தாலும் பதறிப் பதறி அள்ளினேன். இதுவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரப்போகிற அந்தக் குட்டியாக இருந்திருந்தால் என்று நினைத்தேன். அப்புறம், நல்லவேளை மாவு, நல்லவேளை மாவு என்று நானே எனக்குள் சொல்லிக்கொண்டு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவளும் அப்போதுதான் அழுதாள். உங்கள் தங்கை குளித்துவிட்டு வந்து பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் கால்நடை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். வாண்டு அழுது அடம்பிடித்ததால், மறுபடியும் தைத்த அந்த மூட்டையையும் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. சீட்டு எழுதுகிற பெண் நோயாளிக்கு என்ன வயது என்று கேட்டாள், போன திங்கட்கிழமை அரைத்தது என்று என் வாயில் வந்துவிட்டது. டாக்டரம்மா நல்லவர், சிரிக்காமல் முழுக் கதையையும் கேட்டார். இந்தச் சின்ன ஜாதிக் குட்டிகளுக்குக் கால் எலும்பு குச்சி மாதிரி இருக்கும், சோபாவிலிருந்து விழுந்தாலே முறிந்துவிடும், சின்னப் பிள்ளைகள் வேண்டுமென்று செய்வதில்லை, ஆசையில் இறுக்குவார்கள், அதற்கு வலித்தால் அதுவும் கடிக்கும், தப்பு இரண்டு பேர் மேலும் இல்லை என்றார். பிள்ளைக்கு ஐந்து ஆறு வயதாகட்டும், அதுவரை பெரியவர் ஒருத்தர் பக்கத்திலேயே இல்லாமல் இரண்டையும் தனியாக விடவே கூடாது என்றார். பிறகு வாண்டைத் தரையில் உட்காரவைத்து அவளிடமும் என்னவோ பேசினார். நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மூச்சு அப்போதுதான் சீராக வந்துகொண்டிருந்தது.

ஆகவே, மச்சான், தங்கள் அன்புக்கு நன்றி சொல்லி, குட்டி வேண்டாம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த ஒரு வரியை எழுதியதும் எனக்குத் தலையிலிருந்து பெரிய சுமை இறங்கியது. தங்கள் தங்கைக்கும் நிம்மதி, இனித் தரையை ஒரு தரம் துடைத்தால் போதும். செயலாளருக்கும் சொல்லி அனுப்பினேன், அவருக்கு எங்களைவிட நிம்மதி. வாண்டிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு நாளாகத் தவித்தேன். ஒரு வழியாகச் சொன்னேன். "அது இன்னும் ரொம்பச் சின்னது, அவங்க அம்மாகிட்டயே இருக்கட்டும்மா" என்றேன். கையிலிருந்த பாலை ஒரு வாய் குடித்தாள். "சரி, இங்க வந்தா அது அழும்" என்றாள். அவ்வளவுதான். நான் பயந்து செத்த விஷயம் ஒரு வாய் பால் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகளை நாம்தான் புரிந்துகொள்வதில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. அந்தக் குட்டிக்கு, சின்னப் பிள்ளைகள் இல்லாத, தரைவிரிப்பு போட்ட, அமைதியான ஒரு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும். தாய் நாய்க்கும் என் விசாரிப்புகளைச் சொல்லுங்கள், நாலு பிள்ளை பெற்றவள், உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். எல்லோரும் குறைவின்றி நிறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத, இந்த ஒருமுறை மட்டும் தட்டிய,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, கூடத்தை எட்டிப் பார்க்கச் சொன்னாள். வாண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாவு மடியில் படுத்திருந்தது. அவள் அதை இறுக்கவில்லை மச்சான். அடியில் ஒரு கையைக் கொடுத்து, மறு கையால் ஒரு விரலை மட்டும் நீட்டித் தடவிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பொம்மைக்கு, "கீழ உட்கார்ந்துதான் தூக்கணும், எந்திரிக்கக் கூடாது, வலிச்சா அது சொல்லாது, நாமதான் பார்க்கணும்" என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த டாக்டரம்மா அவளிடம் என்ன பேசினார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் தங்கை என்னைக் கேட்டாள்: "சோதனையில ஒரு லிஃப்ட் தோத்துட்டா என்ன பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுடுவீங்களா?" இல்லை, பிரேக்கைச் சரிசெய்து மறுபடி ஏற்றிப் பார்ப்போம் என்றேன். "அப்ப?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் இந்தப் பின்குறிப்பை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம் என்று எழுதியது எழுதியதுதான், நாங்கள் மூன்று பேரும் அங்கே வருகிறோம். சும்மா பார்க்கத்தான். வாண்டு கீழே உட்காருவாள், நான் நடுவில் உட்காருவேன். அடுத்த ஞாயிறும் வருவோம், அதற்கடுத்த ஞாயிறும் வருவோம். எத்தனை ஞாயிறு ஆனாலும் சரி, அவள் கை பழகட்டும், அதற்கு எலும்பு தேறட்டும். அதுவரை அந்தக் கடைசிக் குட்டியை யாராவது வந்து கேட்டால், அதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.