எங்க மாப்பிள்ளை நீச்சல் சாம்பியன்

இரண்டாவது எஞ்சினும் நின்றுபோனது. பஸ் மாற்றுப்பாதையில் போகும் என்று சொல்வதுபோல, விமானத்தை ஏரியில் இறக்கப்போவதாகக் கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். மனைவி, மாமனார், மாமியாரோடு கடைசி வரிசையில் இருந்த புது மாப்பிள்ளை சீட் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். அதைவிடப் பெரிய ஆபத்து பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து நின்றது.

"யாரும் பயப்படாதீங்க! எங்க மாப்பிள்ளை நீச்சல் சாம்பியன்!" என்றார் மாமனார்.

கல்யாணப் பேச்சின்போது அவன் அளந்துவிட்ட பொய் அது. குளியலறை வாளியைத் தாண்டி அவனுக்கும் தண்ணீருக்கும் எந்தச் சகவாசமும் கிடையாது. மனைவி அவனைப் பெருமையாகப் பார்த்தாள். மூழ்குவதைவிட, அந்தப் பார்வை போய்விடுமே என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"மாமா, கால்ல சுளுக்கு."

முன்சீட்டுப் பருத்த ஆசாமி திரும்பினார். "நான் பிசியோதெரபிஸ்ட். காட்டுங்க." காட்டுவதற்குள் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். இல்லாத சுளுக்குப் போய், உண்மையான வலி வந்தது.

"இப்போ எப்படி இருக்கு?"

"போயிடுச்சு," என்றான், இன்னொரு இழுப்புக்குப் பயந்து. "ஆனா மாமா, அலை இருந்தா எனக்குப் பழக்கமில்ல."

"ஏரியில ஏது அலை? உங்களுக்குன்னே வெட்டி வெச்ச மாதிரி இருக்கு!"

வேறு வழியில்லாமல் விமானப் பணிப்பெண்ணின் காதில் உண்மையைக் கக்கினான். "மேடம், எனக்கு நீச்சலே தெரியாது."

அவள் நெகிழ்ந்துபோனாள். "திறமைசாலிங்க இப்படித்தான் அடக்கமா பேசுவாங்க. முன்கதவுக்கு வாங்க சார். நீங்க முதல்ல படகுல இறங்கி மத்தவங்களுக்குக் கை கொடுக்கணும்."

"குடும்பம் கூட இல்லாட்டி மாப்பிள்ளைக்குக் கை கால் ஓடாது," என்று மாமனார் மாமியாரையும் மகளையும் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார். முன்வரிசைக்காரர்கள் கைதட்டி இடம் விட்டார்கள். உயிர் பிழைக்கிற சீட்டைக்கூடச் சாம்பியன் என்றால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

விமானம் தண்ணீரில் மோதி, உலுக்கோ உலுக்கென்று உலுக்கி, ஒருவழியாக நின்றது. கதவு திறந்து காற்றடைத்த படகு விரிந்தது. "போங்க சாம்பியன்!" என்று யாரோ ஆசையாகத் தள்ள, அவன் படகைத் தாண்டி ஏரியில் விழுந்தான். உயிர்காப்பு உடை மேலே தூக்கியது. கையையும் காலையும் கண்டபடி உதறினான்.

"கால் எப்படி வேலை செய்யுது பாத்தீங்களா!" என்று பிசியோதெரபிஸ்ட் பூரித்தார்.

மாமனார்தான் காலரைப் பிடித்து அவனைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். தூரத்தில் மீட்புப் படகுகள் வந்துகொண்டிருந்தன. மனைவி அவன் தோளில் சாய்ந்தாள். "வீட்டுக்குப் போனதும் எனக்கும் நீச்சல் கத்துக்குடுங்க."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. செத்திருந்தால் பொய்யும் கூடவே போயிருக்கும். பிழைத்துத் தொலைத்ததால் ஆயுள் முழுக்கச் சாம்பியனாக இருக்க வேண்டும்.

"மாமா, மன்னிச்சிடுங்க. நான் சொன்னது பொய். எனக்கு நீச்சல் தெரியாது!"

மனைவி ஏரியைப் பார்த்தாள். மாமனார் வானத்தைப் பார்த்தார். அதுவரை வாயே திறக்காத மாமியார், கைப்பையைத் துடைத்தபடி சொன்னார்:

"அது எங்க எல்லாருக்கும் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும் மாப்பிள்ளை. கடைசி வரிசையில இருந்த நாலு பேருக்கு முதல் படகுல வேற எப்படி இடம் கிடைக்கும்?"