நீலக்கொம்பனுக்கு அஞ்சலி

துவட்டிக்கொள்ளத் துண்டை எடுக்கப்போன பூச்சி சாரின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. துண்டின் ஓரத்தில் ஒரு வண்டு உட்கார்ந்துகொண்டு, தன் உடம்பைவிட நீளமான இரண்டு நீலக் கொம்புகளையும் சாவகாசமாக ஆட்டிக்கொண்டிருந்தது.

நீலக்கொம்பன். சந்தேகமே இல்லை.

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஈரத்தலையோடு தெருவுக்கு ஓடிப்போய்க் கூவியிருப்பார். அன்றைக்குப் பார்த்துத்தான் அவருடைய புதிய புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. புத்தகத்தின் பெயர், ‘நீலக்கொம்பனுக்கு அஞ்சலி’. அந்த வண்டு இந்த ஊரைவிட்டே அடியோடு அழிந்துபோய்விட்டது என்று ஆதாரங்களோடு நிறுவி, கடைசி அத்தியாயத்தில் வாசகரை அழவைக்கவும் ஏற்பாடு செய்திருந்தார். எழுதும்போது அவரே அழுதிருக்கிறார்.

“நீதான் செத்துப்போயிட்டியேப்பா?” என்று வண்டைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார்.

பூச்சி சார் என்பது தெருவே சேர்ந்து வைத்த பெயர். எறும்புக்கு ஒன்று, சிலந்திக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று, மரநாய்க்கு ஒன்று என்று வஞ்சகமில்லாமல் புத்தகம் எழுதியவர். அவற்றை விரும்பிப் படித்தவர்களைவிட, பதிப்பாளரின் கிடங்கில் விரும்பித் தின்ற கரையான்கள் அதிகம். இருக்கிற உயிரைப் பற்றி எழுதினால் எட்டிப் பார்க்க ஆளில்லை. இல்லாமல் போன ஒன்றுக்கு இரங்கல் எழுதியதும் அரங்கம் நிறையும் என்கிறார்கள்.

“இதுவும் போகலைன்னா, இனிமே உங்க புஸ்தகத்தை நான் போடறதா இல்ல சார்,” என்று பதிப்பாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். ஆக, பூச்சி சாரின் எழுத்து வாழ்க்கை மொத்தமும் இப்போது அந்தத் துண்டின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கௌரவமாக வழியனுப்பிவிடலாம் என்று துண்டை ஜன்னலுக்கு வெளியே உதறினார். வண்டு வெளியே ஒரு வட்டமடித்தது. பிறகு நன்றாக வழி தெரிந்தமாதிரி சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்தது.

“ஐயையோ! இங்க வாங்க! என் தலையில என்னமோ!” என்று அலறினாள் மனைவி.

இடுப்பில் துண்டோடு ஓடினார். மனைவியின் கொண்டையில் உட்கார்ந்திருந்த வண்டை மெல்ல எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். அது கிர்ர்ர் என்று கத்தியது. பிடித்தால் கத்தும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தார். இவ்வளவு சத்தமாகக் கத்தும் என்று எழுதவில்லை.

“காட்டுங்க. இது உங்க புஸ்தக அட்டையில இருக்கறதுல்ல?”

“சேச்சே. இது வேற. அதுக்குச் சித்தப்பா பையன் மாதிரி.”

“யார்கிட்ட? கழுத்துல ரெண்டு மஞ்சப் பொட்டு இருந்தா அதேதான்னு எழுதினது நீங்க. அதுக்கு ப்ரூஃப் பாத்தது நான்.”

தப்பிக்க வழியில்லை. “சரி, அதேதான். வெளிய மூச்சு விடாதே.”

“ஏங்க, காணோம் காணோம்னு வருஷக்கணக்கா காடு மேடெல்லாம் தேடினீங்க. இப்ப அதுவா வீடு தேடி வந்திருக்கு. சந்தோஷப்படாம இப்படி முழிக்கறீங்களே!”

“சந்தோஷம்தான். நாளைக்குப் படறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இது செத்துப்போயே இருக்கட்டும்.”

“வெளங்கிடும்,” என்று சொல்லிவிட்டு அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

ஒரே ஒரு நசுக்கு, பிரச்சினை தீர்ந்தது. நினைத்த மாத்திரத்தில் அவருக்கு உடம்பு கூசியது. ‘தன் வசதிக்காக ஓர் உயிரைக் கொல்பவன் இந்த பூமிக்கே அந்நியன்’ என்று அவரே எழுதிய வரி வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. சொந்த எழுத்து இருக்கிறதே, சமயம் பார்த்துக் காலை வாரிவிடும்.

வீட்டில் விட்டுவிட்டும் போக முடியாது. விழா முடிந்த கையோடு அவர் எழுதும் அறையைப் படமெடுக்க நிருபர்கள் வருகிறார்கள். வாசலில் கார் ஹாரன் கேட்டது. அவசரத்தில் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வண்டை உள்ளே தள்ளினார். மூடப்போனவருக்கு மனசு கேட்கவில்லை. மூச்சு முட்டிச் செத்துவிட்டால்? மூடிக்கும் கூட்டுக்கும் இடையில் ஒரு தீக்குச்சியைச் செருகி, காற்றுக்கு வழி செய்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி அடுப்பங்கரை மேடையிலேயே தங்கிவிட்டது.

காரில் பேராசிரியரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பேராசிரியர்தான் விழாவுக்குத் தலைமை. ‘நீலக்கொம்பன் இனி இல்லை, இதற்கு நானே சாட்சி’ என்று முன்னுரையில் எழுதிக் கொடுத்தவர். அந்த அம்மாள்தான் காரை ஓட்டினார்.

தெரு திரும்பியதும் கிர்ர்ர் என்றது.

பூச்சி சார் பலமாக இருமினார். பேராசிரியரும் இருமினார்.

“புழுதி ஜாஸ்தியாயிடுச்சு,” என்றார் பூச்சி சார்.

“ஆமாமா, ஒரே புழுதி,” என்ற பேராசிரியர் முன்பக்கம் குனிந்து, “அந்தப் பாட்டைக் கொஞ்சம் சத்தமா வையேன்,” என்றார்.

பாட்டு வீறிட்டது. பூச்சி சார் பாட்டுக்காரரை மனதாரக் கும்பிட்டார். இருந்தும் அரங்கம் போய்ச் சேர்வதற்குள் இருவருக்கும் தொண்டை வறண்டுவிட்டது. பின்சீட்டில் பூச்சி சாருக்குப் பக்கத்திலிருந்த அவர் மனைவி மட்டும் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கமாகவே திரும்பிக்கொண்டு வந்தாள்.

அரங்கம் நிஜமாகவே நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குப் புத்தக அட்டை, அதில் ஆளுயர நீலக்கொம்பன். பதிப்பாளர் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்து, “சார், அடுத்த புஸ்தகத்துக்கும் இப்பவே பேசிடலாம்,” என்று காதைக் கடித்தார். பூச்சி சாருக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வார்த்தைக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார்!

பேராசிரியர் எழுந்து பேசினார். “நண்பர்களே! என் பெயரைப் பணயம் வெச்சுச் சொல்றேன். இந்த ஊர்ல இனி ஒரு நீலக்கொம்பனைக் கூட...”

விர்ர்ர் என்று ஏதோ மேடையிலிருந்து கிளம்பியது. தலைகளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அட்டைப்படத்தில் இருந்த நீலக்கொம்பனின் மூக்கின் மேலேயே போய் உட்கார்ந்தது.

கூட்டம் ‘ஹா’ என்றது. பேராசிரியரின் வாய் திறந்தபடி இருந்தது.

பூச்சி சார் பையைத் தடவினார். தீக்குச்சி எங்கேயோ நழுவி, கூட்டின் மூடி ஆவென்று திறந்து கிடந்தது. போச்சு. எல்லாம் போச்சு. யாரோ, “அது அதேதானே சார்?” என்று கத்தினார்கள். இல்லையென்று சாதிக்க ஒரு கணம் ஆசை வந்தது. அடுத்த கணமே, தன்மேலேயே அப்படி ஒரு அருவருப்பும் வந்தது. எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார்.

“அதேதான். உயிரோடதான் இருக்கு. காலையில என் குளியலறைக்கு வந்துச்சு. நான்தான் ஒளிச்சு எடுத்துட்டு வந்தேன். ஒரு உயிர் பொழைச்சிருக்கேன்னு சந்தோஷப்படத் தோணல. என் புஸ்தகம் பொழைக்கணும்னுதான் தோணுச்சு. பூச்சிங்களைப் பத்தி எழுத எனக்கு யோக்யதை இல்ல. மன்னிச்சுக்குங்க.”

பதிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். பூச்சி சாரின் தோளில் கையை வைத்து, கூட்டத்தைப் பார்த்து, கணீரென்று ஆரம்பித்தார்.

“எனக்கு மனசு வலிக்குது. உங்களை நம்பித்தானேய்யா முன்னுரை எழுதிக் கொடுத்தேன்? உண்மையை ஒளிச்சு வெக்கறவன் இயற்கையை நேசிக்கறவனா? இதே பூச்சி என் கையில கெடைச்சிருந்தா, அந்த நிமிஷமே விழாவை நிறுத்தச் சொல்லியிருப்பேன்!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பூச்சி சாரும் சேர்ந்து தட்டினார். எப்பேர்ப்பட்ட மனிதர், நாம் எப்பேர்ப்பட்ட புழு என்று நினைத்துக்கொண்டார். புழுவைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருந்ததால், அந்த ஒப்பீடு புழுவுக்கு அவமானம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மேடையைவிட்டு இறங்கி, முன்வரிசையில் பேராசிரியரின் மனைவிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்தார்.

சட்டைப் பையில் கிர்ர்ர் என்றது.

கண்ணாடிக் கூட்டை வெளியே எடுத்தார். கண்ணாடி துடைக்கும் துணிக்கடியில், நீலக்கொம்பன் நிம்மதியாகக் கொம்பாட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அட்டைப்படத்தின் மூக்கிலும் ஒன்று அசைந்துகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி இல்லாததால் ஒன்று இரண்டாகத் தெரிகிறதோ என்று கண்ணைக் கசக்கினார்.

பேராசிரியரின் மனைவி மேடையில் முழங்கிக்கொண்டிருந்த கணவரிடமிருந்து பார்வையை எடுக்காமலே, அவர் பக்கமாகச் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

“அதை மூடி வைங்க, அதுவும் பறந்துடப்போவுது. மேல உக்காந்திருக்கறது எங்க வீட்டுது. காலையில இருந்து இவர் கோட்டுப் பைக்குள்ளதான் இருந்துச்சு.”