கழுத்தில் கரைத்த ஆரத்தி

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் நீங்களே என் பட்டத்தைத் திரும்ப வாங்கச் சொல்வீர்கள்.

காக்களூர் தொழிற்பேட்டையில், கழுத்து அடிபட்டவர்களுக்கான நெக் காலர் செய்யும் சின்ன கம்பெனியில் அப்போது எனக்கு ஆறாவது மாதம். எங்கள் காலரைக் கட்டினால் தாடைக்குக் கீழே உரசுகிறது, வியர்வையில் தோல் ஊறிப் புண்ணாகிறது என்று நோயாளிகள் திட்டாத நாளில்லை. அதற்கு மாற்றாக, கழற்றித் துவைக்கிற மாதிரி வெள்ளைப் பருத்தி உறை ஒன்றைக் கண்டுபிடித்தேன். (என்ன பெரிய கண்டுபிடிப்பு, தலையணை உறைதான்!) வெள்ளிக்கிழமை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் என் வேலை நிரந்தரம்.

துவைத்தாலும் தாங்கும் என்று காட்ட, வியாழன் மாலை செவ்வாப்பேட்டை வீட்டில் உறையை நானே துவைத்தேன். சோப்பைத் தாராளமாகத் தேய்த்தேன். அலசும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. வெள்ளையாகத்தானே இருக்கிறது, ஒரு அலசு போதும் என்று கொடியில் போட்டேன். அப்போது கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை, வெள்ளிக்கிழமை என்று மாமியார் தாலிக் கயிற்றிலும் கழுத்திலும் மஞ்சளைக் குழைத்து அப்பி அனுப்பினார்.

கம்பெனியில் டாக்டரம்மா முன்னால், உறை போட்ட காலரை நானே கட்டிக்கொண்டேன். தகரக் கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம். வியர்த்துக் கொட்டியது. "பாருங்க மேடம், உரசலே கிடையாது" என்று மிதப்பாகக் கழற்றினேன்.

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "கழுத்தெல்லாம் செவந்து கிடக்கே! எரியுதா?"

அதுவரை எரியவில்லை. அவர் கேட்டதும் எரிந்தது. உறையைப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. அப்படியே சாய்ந்துவிட்டேன்.

விழித்தபோது துணி வெட்டும் மேசையில் கிடந்தேன். கழுத்தை ஏதோ அறுத்தது. விழுந்ததில் கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று டாக்டரம்மா காலர் கேட்க, முதலாளி அவசரத்தில் கட்டியது எங்கள் பழைய மாடல்! நோயாளிகள் திட்டியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"ஆர்டரும் போச்சு, பொண்ணும் போச்சு" என்று முதலாளி தலையில் கைவைத்தார். டீ கொண்டுவந்த கேன்டீன் கன்னியம்மா அக்கா உறையை எடுத்து மோந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்டி பேஜாராவறீங்க? மஞ்சா பூசிக்கினு, சோப்பு போவாத துணிய கட்டிக்கினா செவக்காம இன்னா பண்ணும்? மஞ்சாத் தண்ணில சுண்ணாம்பு கலந்தா ஆரத்தி செவக்குதில்ல, அதே கததான். ஏம்மா, உன் கல்யாணத்துல ஆரத்தி எடுக்கலியா?"

எடுத்தார்கள். மூன்று தடவை. (முதல் வகுப்பு!)

டாக்டரம்மா காலரைக் கழற்றி, என் கழுத்தை ஈரத்துணியால் துடைத்தார். சிவப்பு போய்விட்டது. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு ஒண்ணுமில்ல. ஆனா சோப்பு தங்கின துணிய ஒரு மாசம் கட்டிக்கிட்டிருந்தா நோயாளிக்கு நிஜமாவே தோல் வெந்துடும். எப்படித் துவைக்கணும்னு எழுதி உள்ள வை. ஆர்டர் தரேன்."

அவமானத்தில் அழ ஆரம்பித்தவள், வேலை நிரந்தரம் என்று முதலாளி சொன்னதும் அதே அழுகையைச் சந்தோஷத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

இன்றும் எங்கள் காலர் பெட்டியில் இருக்கும் தாளில் முதல் வரி என்னுடையது: "உறையை மூன்று முறை நன்றாக அலசவும்." வீட்டில் மட்டும் அதற்கு மரியாதை இல்லை. போன மாதம் நாத்தனார் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். ஆரத்தி கரைக்கச் சுண்ணாம்பைக் காணோம் என்று மாமியார் வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தார்.

என் கணவர் சாவகாசமாகச் சொன்னார்: "சுண்ணாம்பு இன்னாத்துக்கும்மா? இவ காலர் உறைய எடுத்தாந்து புழி, போதும்."